நனையாத மட்டை தெற்கே, நனைந்தது வடக்கே

கொச்சிக்கடையில் மகா ஓயாப் பாலத்தைக் கடந்ததும் கம்பஹா மாவட்டம் முடிந்து புத்தளம் மாவட்டம் தொடங்கிவிடுகிறது. கொழும்பிலிருந்து ஏ3 வீதியில் பஸ் யன்னலோரம் உட்கார்ந்து வருபவருக்கு அது தெரிவதில்லை. அதே தென்னந்தோட்டம், அதே மாதா சுரூபக் கூண்டு, அதே ஹாட்வெயார் கடை. காலை எட்டு மணிக்குக் கடை திறப்பவர்கள் முதல் வேலையாக ஒன்றைச் செய்கிறார்கள்: முந்தைய நாள் பிரித்த பெட்டிகளைத் தட்டி மடித்து, கயிற்றால் கட்டி, வாசலோரம் சாத்தி வைக்கிறார்கள். ஃபிரிட்ஜ் பெட்டி, பிஸ்கட் பெட்டி, டைல்ஸ் பெட்டி, மருந்துப் பெட்டி. வென்னப்புவவிலிருந்து புத்தளம் வரை நூறு கிலோமீற்றருக்குக் குறைவான இந்த வீதியில் ஊருக்கு ஊர் மொழி மாறுகிறது, சாமி மாறுகிறது, மண் மாறுகிறது. வாசலில் சாத்திய மட்டைக்கட்டு மட்டும் மாறுவதில்லை.

அந்தக் கட்டு எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே வடக்கே போனால், சுற்றுலாக் கையேடு காட்டாத ஒரு புத்தளம் தெரியவரும்.

குப்பைகளில் காட்போட்டுக்கு வகுப்பின் நல்ல பிள்ளை என்ற பெயர் உண்டு. நாறாது, உடையாது, மடித்தால் மடியும், எடைக்கு விலையும் போகும். 1856இல் இங்கிலாந்தில் உயரத் தொப்பிகளுக்கு உள்ளுறையாகத்தான் நெளிவுக் காகிதம் முதலில் காப்புரிமை பெற்றது. 1871இல் அமெரிக்காவில் அல்பேர்ட் ஜோன்ஸ் என்பவர் போத்தல்களும் விளக்குச் சிமினிகளும் உடையாமலிருக்க அதைச் சுற்றிக் கட்டலாம் என்றார். பிறகு நெளிவின் இரு புறமும் தட்டைக் காகிதம் ஒட்டப்பட்டது. ஒட்டுவதற்கு இன்றுவரை பயன்படுவது பெரும்பாலும் மாப்பசைதான். காகிதமும் மாவும் மட்டுமே என்பதால் தண்ணீரில் போட்டுக் கடைந்தால் கூழாகிறது. கம்பியையும் டேப்பையும் வடித்துவிட்டு அந்தக் கூழை மறுபடி காகிதமாக ஊற்றலாம். ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகும். ஐந்து முதல் ஏழு சுற்று தாங்கும்.

தண்ணீரில் கரைவதுதான் அதற்கு மறுபிறவி தருகிறது. காகித ஆலைத் தொட்டிக்கு வெளியே, தெருவில், அதே தண்ணீர் பட்டால் கதை முடிந்தது.

வீதியிலிருந்து உள்ளே திரும்பினால் தங்கொட்டுவ. 1980களில் தொடங்கிய பீங்கான் தொழிற்சாலை இந்தச் சிற்றூரின் பெயரை உலகச் சாப்பாட்டு மேசைகளுக்குக் கொண்டுபோனது. பீங்கான் ஏற்றுமதி என்றால் பாதி வேலை பொதி கட்டுவது. தட்டுக்குத் தட்டு தடுப்பு, கோப்பைக்குக் கோப்பை அறை, வெளியே இன்னொரு தடித்த பெட்டி. எந்தத் தொழிற்சாலையிலும் பெட்டி வெட்டும் இடத்தில் விழும் ஓரத்துண்டுகள் பழைய மட்டை வியாபாரத்தில் முதல்தரம். அச்சு இல்லை, அழுக்கு இல்லை, ஈரம் இல்லை. அவை தெருவுக்கு வருவதேயில்லை. அழுத்திக் கட்டப்பட்டு நேராக ஆலைக்குப் போகின்றன. தொழிற்சாலைக் கழிவு என்று கணக்கில் எழுதப்படுபவற்றில் இது கழிவு என்ற பெயருக்கே பொருந்தாதது. இந்தத் துண்டுகளைக் காட்டித்தான் பல நிறுவனங்கள் தங்கள் ஆண்டறிக்கையில் மீள்சுழற்சி வீதத்தை உயர்த்திக்கொள்கின்றன என்பது வேறு கதை.

சிக்கல் தென்னைக்குள் நுழைந்ததும் தொடங்குகிறது. லுனுவிலயில் 1929 முதல் தென்னை ஆராய்ச்சி நடக்கிறது. சுற்றுவட்டாரம் முழுவதும் தேங்காய்த் துருவல் ஆலைகள், எண்ணெய் ஆலைகள், தும்பு ஆலைகள். மாதம்பையில் சிரட்டைக் கரியிலிருந்து செயலூட்டிய கரி செய்து ஏற்றுமதி செய்கிறார்கள். உலர்ந்த தேங்காய்த் துருவல் கப்பலேறுவது பல அடுக்குக் கிராஃப்ட் காகிதப் பைகளில். உள்ளே பொலித்தீன் உறை. கிழிந்த பையில் எண்ணெய் ஊறியிருக்கும், பொலித்தீன் ஒட்டியிருக்கும். கூழ்த் தொட்டிக்கு எண்ணெய் ஆகாது. நாரோடு நார் பிடிக்காது, காகிதத்தில் பொட்டுப் பொட்டாகத் தெரியும். எனவே பழைய சாமான் கடைக்காரர் அதை எடுப்பதில்லை. தோட்டத்து மூலையில் தீ மூட்டிவிடுவது வழக்கமாகிறது. பிளாஸ்டிக் கலந்த குப்பையைத் திறந்த வெளியில் எரிப்பதை இலங்கை 2017 செப்டெம்பரில் வர்த்தமானி அறிவித்தலால் தடை செய்தது. தென்னந்தோட்டப் புகைக்கு அந்த வர்த்தமானி இன்னும் போய்ச் சேரவில்லை.

சிலாபத்தில் மீன் வாடை பஸ்ஸுக்குள் ஏறிவிடும். முன்னேஸ்வரத்துக்குப் போகிறவர்கள் இறங்க, ஐஸ் உருகி ஒழுகும் பெட்டிகளோடு வேறு சிலர் ஏறுவார்கள். இங்கிருந்து வடக்கே முந்தல் வரை வீதிக்கும் கடலுக்கும் நடுவே சதுரம் சதுரமாகக் குளங்கள்: இறால் பண்ணைகள். 1980களில் வேகமெடுத்த தொழில் இது. 1990களின் நடுவில் வெண்புள்ளி நோய் வந்து பல பண்ணைகளைப் படுக்கவைத்தது. கண்டல் காட்டை வெட்டித் தோண்டிய குளங்கள் பல அப்படியே கைவிடப்பட்டு உப்புப் பூத்துக் கிடக்கின்றன. தப்பிய பண்ணைகளின் இறால் உறைநிலையில் கப்பலேறுகிறது. உறைந்த இறாலுக்குச் சாதாரண மட்டைப்பெட்டி தாங்காது என்பதால் மெழுகு பூசுகிறார்கள். ஈரத்தை வெல்லக் காகிதத்துக்குக் கொடுத்த இந்தக் கவசம்தான் பிறகு அதைக் கெடுக்கிறது. கூழ்த் தொட்டியில் மெழுகு மட்டை கரையாது. கரைந்தாலும் மெழுகு மிதந்து கம்பி வலையை அடைக்கும். மீன் பிடிப்பவர்களிடம் கேட்டால் அவர்கள் காட்போட்டை மதிப்பதேயில்லை. உடப்பில் கரைவலை இழுத்து முடிந்ததும் மீன் போவது ரெஜிஃபோம் பெட்டியில். அது கடலில் விழுந்தால் என்றைக்கும் மட்காமல் உருண்டைகளாக உதிரும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் ஐஸைப் பிடித்துவைக்கும் வேறொன்றை அந்த விலைக்கு யாரும் இதுவரை அவர்கள் கையில் கொடுக்கவில்லை.

இந்தக் கரையோரத்தில் ஒக்டோபர், நவம்பர் மழைதான் பெரிய மழை. தெதுரு ஓயா பெருகும், சிலாபத் தெருக்களில் தண்ணீர் நிற்கும். நகரசபை ட்ராக்டர் வர இரண்டு நாள் பிந்தினால், வாசலில் சாத்திய மட்டைக்கட்டு ஊறிப் பருத்து, சோற்றுக் குப்பையோடு ஒன்றாகிவிடும். இலங்கையின் நகரக் குப்பையில் பாதிக்கு மேல் மட்கும் ஈரக் குப்பை. அதோடு ஒரே பெட்டியில் பயணம் செய்யும் மட்டைக்கு மழைகூடத் தேவையில்லை. மீந்த பருப்புக்கறி போதும்.

அப்படிக் காகித ஆலை ஏற்காதவை போகும் இடங்களில் ஒன்று பாலாவி.

கற்பிட்டிக்குப் பிரியும் சந்தியை நெருங்கும்போதே சீமெந்துத் தொழிற்சாலையின் கோபுரம் தெரியும். காங்கேசன்துறை ஆலை 1990இல் யுத்தத்தோடு நின்றுபோன பிறகு, சுண்ணக்கல்லிலிருந்து தொடங்கி மூட்டை வரை சீமெந்தை முழுதாகச் செய்கிற ஒரே ஆலை இந்த நாட்டில் இதுதான். 1970களின் வாசலில் அரசாங்கச் சீமெந்துக் கூட்டுத்தாபனம் இதைத் தொடங்கியது. 1993இல் தனியாருக்குப் போய், 1996இல் சுவிஸ் நிறுவனத்துக்குக் கைமாறி ஹொல்சிம் ஆனது. 2016இல் தாய்லாந்தின் சியாம் சிட்டி சீமெந்து வாங்கி இன்சீ என்று பெயர் மாற்றியது. உரிமையாளர் மாறிக்கொண்டே இருக்கச் சூளை மட்டும் சுழன்றுகொண்டே இருக்கிறது.

சூளை என்றால் செங்கல் சூளை அல்ல. சற்றே சரித்துக் கிடத்திய ராட்சத இரும்புக் குழாய். உள்ளே தீக்கல் பதித்து, நிமிடத்துக்குச் சில சுற்று என்று மெல்ல உருள்வது. மேல் முனையில் அரைத்த சுண்ணக்கல்லும் களியும் விழும். கீழ் முனையில் தீச்சுவாலை. கல் 1450 பாகை செல்சியஸில் உருகும் விளிம்புக்கு வந்து உருண்டை உருண்டையாக, கிளிங்கராக இறங்கும். சுவாலையின் நடுவே ஏறக்குறைய 2000 பாகை. இந்த வெப்பத்தை ஊட்டச் சாதாரணமாக நிலக்கரி வேண்டும். நிலக்கரிக்கு டொலர் வேண்டும். ஆகவே உமி, மரத்தூள், ஆடைத் தொழிற்சாலைத் துணித்துண்டு, காலாவதியான பண்டங்கள், எண்ணெய்ச் சேறு எல்லாம் இந்தச் சூளையின் வாய்க்கு வரத் தொடங்கின. 2000களின் தொடக்கத்திலிருந்தே இது தனித் தொழிலாக வளர்ந்து, கட்டுநாயக்காவில் கழிவைப் பிரித்துத் துண்டாக்கிக் கலந்து அனுப்பும் நிலையமும் எழுந்தது. அங்கே பக்கத்திலேயே 1978இல் தொடங்கிய ஏற்றுமதி வலயம் இருப்பது வசதி.

எண்ணெய் ஊறிய கிராஃப்ட் பை, மெழுகு மட்டை, பொலித்தீன் ஒட்டிய பெட்டி என்று கூழ்த் தொட்டி துப்பியவற்றையெல்லாம் சூளை விழுங்கும். மெழுகும் எண்ணெயும் அதற்குக் குறையே அல்ல, கூடுதல் வெப்பம். சாம்பலைக்கூட வெளியே கொட்டுவதில்லை. காகிதத்துக்கு வெண்மையும் வழவழப்பும் தரச் சேர்ப்பது வெண்களியும் சுண்ணப் பொடியும். இரண்டும் சீமெந்தின் மூலப்பொருள்தான் என்பதால் சாம்பல் கிளிங்கரோடு கலந்துவிடும். உறையில் பெயர் அச்சிட்ட நிறுவனங்களுக்கு இன்னொரு நிம்மதி: தங்கள் பெட்டியும் லேபிளும் கள்ளச் சந்தையில் மறுபடி தலைகாட்டாது.

ஆனால் சூளைக்கும் ஒவ்வாமை உண்டு. பீவீசி போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் கூடினால் உட்சுவரில் படிவு கட்டும், புகைபோக்கியில் கவலை வரும். ஈரக் குப்பை வந்தால் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே பாதி வெப்பம் போய்விடும். நெருப்பைத் தின்று வாழும் இயந்திரம்கூட நனைந்த மட்டையைப் பார்த்து முகம் சுளிக்கிறது. இன்னொரு பக்கம், நன்றாக உலர்ந்த, மறுபடி காகிதமாகக் கூடிய மட்டையைச் சூளைக்குள் தள்ளுவது வீண் செலவு. ஆறு பிறவி பாக்கியிருக்கும் நாரை ஒரே மூச்சில் எரிப்பதற்கு மீள்சுழற்சி என்று பெயர் வைக்க முடியாது. அதைப் பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்ளும் ஆசை உலகமெங்கும் சீமெந்துக் கம்பனிகளுக்கு இருக்கிறது. சூளைக்குப் போகவேண்டியது ஆலை திருப்பியனுப்பியது மட்டுமே; அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதைப் பார்க்க வெளியாள் ஒருவர் வேண்டும்.

பாலாவி மக்களிடம் சூளையைப் பற்றிக் கேட்டால் கூழ், நார், குளோரின் எதுவும் பேசமாட்டார்கள். தூசி என்பார்கள். கொடியில் காயும் துணியைக் காட்டுவார்கள்.

சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டித் தீபகற்பம். வலப்பக்கம் களப்பு, இடப்பக்கம் இந்து சமுத்திரம், நடுவே மணல். நுரைச்சோலையில் மூன்று முன்னூறு மெகாவோற் இயந்திரங்களோடு லக்விஜய அனல் மின்நிலையம். முதலாவது இயந்திரம் 2011 மார்ச்சில் ஓடத் தொடங்கியது. அதன் பறக்கும் சாம்பலில் ஒரு பங்கு சீமெந்துக்காரர்களிடம் போகிறது. மீதி மேடாகக் கிடக்க, காற்றுக் காலத்தில் சுற்றியுள்ள மிளகாய்த் தோட்டக்காரர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். அங்காலே தலவில அன்னம்மாள் கோவில். ஓகஸ்ட் பெருவிழாவுக்கு இலட்சக்கணக்கில் கூடும் யாத்திரிகர்களில் கூடாரமும் விடுதியும் கிடைக்காதவர்கள் மணலில் காட்போட் விரித்துப் படுக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் பழைய மட்டைக்குக் கிடைக்கும் மிகக் கௌரவமான மறுபயன்பாடு இது என்று சொல்லலாம். ஆலையும் வேண்டாம், சூளையும் வேண்டாம்.

இன்னொரு வாடிக்கையாளர் நான்கு காலில் வருகிறார். புத்தளம், கற்பிட்டிப் பக்கங்களில் கழுதைகள் தெருவில் தம் பாட்டில் திரியும். ஒரு காலத்தில் பொதி சுமந்தவை. லொறி வந்ததும் வேலை இழந்தவை. வறட்சிக் காலத்தில் புல் இல்லாவிட்டால் கடைவாசல் மட்டையைக் கிழித்து மெல்லும். செலுலோஸ்தானே, கழுதையின் பெருங்குடல் அதைச் சமாளிக்கும். டேப்பையும் கம்பியையும் சமாளிக்காது.

கற்பிட்டியின் 17ஆம் நூற்றாண்டு ஒல்லாந்தர் கோட்டையையும் டொல்பின் படகுகளையும் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். அதைவிட இங்கே கவனிக்கவேண்டியது மணல். இந்த மணலில் வெங்காயமும் பீட்றூட்டும் உருளைக்கிழங்கும் மிளகாயும் விளைவது, நாள் தவறாமல் தண்ணீர் ஊற்றி, உரம் கொட்டி உழைக்கும் விவசாயியால். அந்த மணலுக்கு எதையும் பிடித்துவைக்கத் தெரியாது. போட்ட உரம் மழையோடு இறங்கிக் கிணற்று நீரில் நைத்திரேற்றாகச் சேர்கிறது. குடிநீர்க் கிணறுகள் பற்றிய எச்சரிக்கை இங்கே பழைய செய்தி. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தி, சில மாதங்களில் பின்வாங்கியபோது, அந்த இடைவெளியில் கூட்டெரு ஒரே நாளில் தங்கமானது. ஆனால் நகரக் குப்பையிலிருந்து செய்த கூட்டெரு மூட்டையைப் பிரித்தால் கண்ணாடித் துண்டு வந்தது என்று முணுமுணுக்காத விவசாயி அரிது.

இங்கே மட்டைக்கு ஒரு வழி இருக்கிறது. கூட்டெரு நன்றாக வேகக் காபன் 25, 30 பங்குக்கு நைதரசன் ஒரு பங்கு இருக்கவேண்டும். நெளிவு மட்டையில் அந்த விகிதம் 350க்கும் மேல். தனியே போட்டால் மாதக்கணக்கில் கிடக்கும். மீன் கழிவிலோ அது ஒற்றை இலக்கம். தனியே போட்டால் ஊரே மூக்கைப் பிடிக்கும். சிலாபத்திலும் கற்பிட்டியிலும் மீன் தலையும் குடலும் கடற்கரையில் காகத்துக்குக் காத்துக்கிடக்கின்றன. அதே ஊர்க் கடைகளில் நனைந்து விலைபோகாத மட்டை கிடக்கிறது. கிழித்துக் கலந்து காற்றுப் படப் புரட்டினால் மட்டையே ஈரத்தையும் வாடையையும் உறிஞ்சிக்கொள்ளும். மெழுகு, பளபளப்பு அச்சு, டேப் உள்ளவற்றை விலக்கினால் போதும். 2008இல் பிலிசரு திட்டத்தின் கீழ் நாடெங்கும் உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கூட்டெரு முற்றங்கள் கட்டிக் கொடுக்கப்பட்டன. முற்றம் கட்டுவது ஒரு வருட வேலை, தினமும் புரட்டுவது என்றென்றைக்குமான வேலை. தடுக்கிய இடம் இரண்டாவதுதான்.

திரும்பப் பாலாவிக்கு வந்து, புத்தளம் நகரைக் கடந்து, வண்ணாத்திவில்லு வீதியில் வடக்கே போனால் வாகனங்கள் குறைகின்றன. இரு பக்கமும் முட்புதர், மரமுந்திரி, சிவந்த மண். கூடவே ஒரு தண்டவாளம் வருகிறது. பயணிகள் ரயில் நூர் நகரில் நின்றுவிடும். இது கல் ரயிலின் பாதை. அருவக்காட்டுச் சுண்ணக்கல்லைப் பாலாவிச் சூளைக்குக் கொண்டுபோக, முப்பது கிலோமீற்றருக்கும் மேல் போட்டது.

அருவக்காட்டுக் கல் ஒரு காலத்துக் கடலடி. மயோசீன் யுகத்தில், ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் முன்னே இங்கே வாழ்ந்த சிப்பிகளும் கடற்பசு இனங்களும் இந்தக் கல்லில் புதைபடிவமாகக் கிடைப்பதால் புவியியல் மாணவர்கள் வந்துபோகும் இடம். அப்பால் கலா ஓயா கண்டல் காட்டுக்குள் புகுந்து களப்பில் விழுகிறது. அதற்கும் அப்பால் வில்பத்து. கல்லை வெட்டியெடுத்த இடம் குழியானது. அந்தக் கல் சீமெந்தாகிக் கொழும்பில் மாடிகளாக எழுந்தது. பிறகு மாடிகளின் குப்பையைக் கொட்ட இடம் தேடியவர்களின் கண்ணில் இந்தக் குழி பட்டது.

2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. இறந்தவர்கள் முப்பதுக்கும் மேல். காகிதத்தில் தூங்கிக்கொண்டிருந்த அருவக்காட்டுத் திட்டம் அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. களனியில் ஒரு நிலையத்தில் குப்பையை அழுத்தி, 20 அடிக் கொள்கலன்களில் அடைத்து, 170 கிலோமீற்றர் ரயிலில் கொண்டுவந்து, அடியில் தடித்த பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட குழியில் அடுக்குவது என்பது ஏற்பாடு. நாளைக்கு 1,200 தொன் என்று கணக்கு. கட்டும் பொறுப்பு சைனா ஹாபர் நிறுவனத்துக்கு; மதிப்பீடு பத்துக் கோடி டொலருக்கும் மேல்.

புத்தளம் கொதித்தது. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து விரட்டிய முஸ்லிம்களைச் சேர்த்துக்கொண்ட மாவட்டம் இது. சீமெந்துத் தூசியை ஏற்றது, நிலக்கரிச் சாம்பலை ஏற்றது. கொழும்பின் குப்பையுமா என்ற கேள்வி 2018இல் ‘க்ளீன் புத்தளம்’ என்ற இயக்கமானது. மௌலவியும் பிக்குவும் பாதிரியாரும் ஒரே பந்தலில் உட்கார்ந்த சத்தியாக்கிரகம் நூறு நாளைத் தாண்டியது. 2019 மார்ச்சில் கொழும்புக் காலிமுகத்திடல் வரை போனார்கள். அவ்வாண்டு ஓகஸ்டில், ரயிலுக்கு முன்பே லொறிகள் வந்தன. ஒக்டோபர் 7ஆம் தேதி இரவு, கொட்டிய குப்பைக்குள்ளிருந்து வெடிச்சத்தம் கேட்டது. உள்ளே சேர்ந்த மீதேன் என்று பேசப்பட்டது. வெடிப்புக்குக் காரணம் எதுவானாலும், பிரிக்காமல் அழுத்தி மூடிய குப்பை காற்றில்லாத இடத்தில் மீதேன் விடும் என்பதற்குப் புதிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அந்த வாயு கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு வானத்தைச் சூடாக்கும்.

அந்த மீதேனில் ஒரு பங்கு மட்டையுடையது. முழுவதும் அப்படிப் போய்விடுவதும் இல்லை. 1980களின் பிற்பகுதியில் அரிசோனாப் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ராத்ஜே மாணவர்களோடு குப்பைக் குழிகளை அகழாய்வு செய்யத் தொடங்கினார். பல பத்தாண்டு பழைய செய்தித்தாள்கள் தலைப்பு வாசிக்கும் நிலையில் வெளிவந்தன. ஈரமும் காற்றும் எட்டாத ஆழத்தில் காகிதம் மட்காமல் அப்படியே கிடக்கும். மரத்தின் லிக்னின் கிருமிகளுக்கு எளிதில் வசப்படாது. கிராஃப்ட் மட்டையிலும் அதில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும். தெருவில் இரண்டு நாள் மழை தாங்காத பொருள் குழிக்குள் போனபின் தலைமுறை கடந்து நிற்கிறது.

காகிதத்துக்குப் பஞ்சம் இல்லாத நாடு இப்படிச் செய்தால்கூடப் புரிந்துகொள்ளலாம். 2022 மார்ச்சில் தாள் வாங்க டொலர் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது. பத்திரிகைகள் பக்கத்தைக் குறைத்தன, சில அச்சை நிறுத்தின. வைக்கோலையும் இலுக்கையும் நம்பி 1950களில் எழுந்த வாழைச்சேனைக் கடதாசி ஆலை யுத்தத்திலும் நட்டத்திலும் பலமுறை முடங்கியது. 1970களின் எம்பிலிப்பிட்டிய ஆலையும் நின்றது. இன்று பழைய மட்டையை உண்மையில் உயிர்ப்பிப்பவை பெரும்பாலும் மேல் மாகாணப் பக்கத்துத் தனியார் ஆலைகள்தான். அங்கே போய்ச் சேர, புத்தளத்து மட்டை ஏறக்குறைய 130 கிலோமீற்றர் தெற்கே போகவேண்டும்.

புத்தளம் நகரில் களப்புப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் பழைய சாமான் கடை. தகரக் கொட்டகை, ஒரு தராசு, கூரை முட்ட மட்டை. மாலையில் சைக்கிளின் பின்னால் கட்டோடு ஒரு பையன் வருகிறான். கடைக்காரர் கட்டைத் தூக்கிப் பார்க்கிறார், நடுவில் கையை விடுகிறார்.

“மகன், இது மட்டையா மீனா?”

“கொஞ்சந்தான் நானா ஈரம். நேத்து மழை.”

“மழை வெளியில பெய்யும். நடுவுல எப்பிடிப் பெஞ்சிச்சு?”

எடை கூட்ட நடுவில் தண்ணீர் தெளிப்பது இந்தத் தொழில் எவ்வளவு பழையதோ அவ்வளவு பழையது. ஆலையும் சும்மா இல்லை. லொறி போய் நின்றதும் ஈரமானியைக் குத்தி, பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் போன ஈரத்துக்கு எடையைக் கழிக்கும். அந்தக் கழிவு கடைக்காரர் தலையில் விழும். அவர் பையன் தலையில் இறக்குவார். இப்போது கட்டைப் பிரித்து நல்லதைத் தராசில் போடுகிறார். வெளிநாட்டிலிருந்து ஃபிரிட்ஜோடு வந்த தடித்த பழுப்பு மட்டை ஒரு பக்கம். அதில் நார் நீளம், ஆலை விரும்பும். இங்கேயே பலமுறை சுற்றி வந்த வெளிறிய பெட்டி இன்னொரு பக்கம். நனைந்தது வாசலில், அது காலையில் குப்பை ட்ராக்டரில் ஏறும்.

2018இல் சீனா கலப்புக் காகிதக் கழிவை வாங்குவதை நிறுத்தி, 2021இல் எல்லாக் கழிவுக்கும் கதவடைத்தபோது உலகச் சந்தை ஆடியதை இந்தக் கடைக்காரர் செய்தியில் படிக்கவில்லை. விலை விழுந்தபோது தெரிந்துகொண்டார். இன்று அவருக்கு வரும் விலையில் பெரும்பகுதியைத் தின்பது டீசல். லொறி நிறைய மட்டை ஏற்றினாலும் எடை குறைவு, இடத்தைத்தான் அடைக்கும். அழுத்தும் இயந்திரம் ஒன்று இருந்தால் ஒரே லொறியில் இரண்டு மடங்கு போகும். அதற்குக் கடன் கேட்டுப் போனால் வங்கியில் அடமானம் கேட்கிறார்கள்.

குப்பை ரயில் பற்றிப் பேச்சு வந்தால் ஊரார் கோபப்படுவார்கள். இவர் கணக்குப் போடுகிறார்.

“கொழும்புக் குப்பை இங்க வந்து எறங்கினா, பெட்டி திரும்பிப் போறது சும்மாத்தானே? அதுல எங்கட மட்டைய ஏத்தினா எனக்கு லொறிக் கூலி மிச்சம்.”

பையன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டே சிரிக்கிறான். “அந்தப் பெட்டிக்குள்ள போட்டா மட்டை நனைஞ்சிடும் நானா. அங்க கழிப்பாங்க, நீங்க என்கிட்டக் கழிப்பீங்க.”

கடைக்காரர் ஒரு கணம் யோசித்துவிட்டு, கழுவிக் காயவைத்த பெட்டி என்றால் சரிவருமா என்று கேட்கிறார். கழுவுவது யார் என்று பையன் கேட்கிறான். அதற்குள் இன்னொரு சைக்கிள் வந்து நிற்க, அவர் தராசுப் பக்கம் திரும்புகிறார்.